அத்தியாயம் 5: உப்பு குடித்த சுவர்

பழைய தூத்துக்குடியில், பனிமய மாதா கோயிலைச் சுற்றிய தெருக்களிலோ கடற்கரைச் சாலைக்கு உள்ளே போகும் சந்துகளிலோ, ஒரு வீடு மனை விலைக்கே வருகிறது என்று தரகர் சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டு முறை போய்ப் பாருங்கள். காலை 7 மணிக்கு ஒருமுறை, பிற்பகல் 2 மணிக்கு ஒருமுறை. காலையில் பட்டாசல் சுவர் இடுப்பு உயரம் வரை கருத்திருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும், பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் இருக்காது. பிற்பகலில் அதே இடம் காய்ந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும். தரகர் இரண்டுக்கும் சேர்த்து “கொஞ்சம் ஓதம் இருக்கு அண்ணாச்சி, ஒரு கோட்டு வாட்டர்புரூஃப் அடிச்சா சரியாயிரும்” என்பார். சரியாகாது.

சோற்று உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் கரையில் காற்றின் ஈரம் பெரும்பாலான நாட்களில் இந்தக் கோட்டுக்கு மேலும் கீழுமாகத்தான் அலைகிறது. இரவிலும் விடியலிலும் கோட்டைத் தாண்டும், மேல்காற்றான கச்சான் அடிக்கும் பிற்பகலில் கீழே வரும். சுவருக்குள் இருக்கும் உப்பு அந்தப் போக்கிலேயே கரைந்து கரைந்து இறுகுகிறது. இறுகும்போது வளரும் படிகம் காரையின் நுண்துளைகளை நெட்டித் தள்ளுகிறது. ஊருக்கு வெளியே உப்பளப் பாத்தியில் நடக்கும் அதே வேலை உங்கள் பட்டாசலிலும் நடக்கிறது. அங்கே வாரி எடுக்க ஆள் உண்டு, இங்கே இல்லை. மதுரைக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் சொல்லும் பழுது யோசனைகள் இந்த ஊரில் பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

உப்பு சுவருக்குள் வரும் வழிகள் பல. கடற்காற்று நேரடியாகக் கொண்டுவந்து படியவைக்கிறது. நிலத்தடி நீர் அஸ்திவாரத்தின் வழியே மூன்று நான்கு அடி உயரம் ஏறுகிறது. கட்டும்போதே உவர்க் கிணற்று நீரில் கலவை போட்டிருப்பார்கள். சிக்கனம் பார்த்தவர்கள் கடற்கரை மணலையே சேர்த்திருப்பார்கள். துறைமுகத்தை ஒட்டிய சில வீடுகள் ஒரு காலத்தில் கிட்டங்கிகளாக இருந்தவை. உப்பு மூட்டையும் கருவாடும் அடுக்கிய அறை என்றால் அதன் தரையும் சுவரும் எவ்வளவு குடித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குமுன் அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு உப்பையும் சுவரிலிருந்து முழுக்க எடுத்துவிட முடியாது. ஆனால் அது எந்த இடத்தில் பூக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒன்றைப் பற்றித்தான். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் வெளியே போகும்; உப்பு மேற்பரப்பில் வெறும் பொடியாகப் பூக்கும்; துடைப்பத்தால் தட்டிவிடலாம். அதே சுவரில் சிமென்டு பூசினாலோ பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலோ ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கும். உப்பு அங்கே இறுகி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். தள்ளும்போது உள்ளே இருக்கும் செங்கல்லின் முகத்தையும் கூடவே பெயர்த்துக்கொண்டு வரும். சிமென்டு பூசிய சுவரில் ஓதம் இன்னும் உயரமாக ஏறுவதையும் பார்க்கலாம். கீழே வழி அடைபட்ட ஈரம் மேலே வழி தேடுகிறது, அவ்வளவுதான்.

வீட்டின் வயதைக் கேளுங்கள்

இந்த ஊரில் “பழைய வீடு” என்றால் இரண்டு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வகை, முத்துக்குளிப்பும் தோணி வணிகமும் காசு கொண்டுவந்த காலத்தவை. தடித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, பர்மா தேக்கு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ் அல்லது ஓடு. சிலவற்றில் செங்கல்லுக்குப் பதில் கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறைக் கல். மன்னார் வளைகுடாக் கரையெங்கும் அது கட்டுமானக் கல்லாகவும் சுண்ணாம்புக் காளவாய்க்குச் சரக்காகவும் போயிருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை கடலுக்குள் தெரிகிறது. பவளப்பாறையை வெட்டியதால் அரிப்பு கூடி, வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு வெகுவாகத் தேய்ந்துவிட்டது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எடுப்பதும் விற்பதும் குற்றம். உங்கள் வீட்டில் பவளக்கல் சுவர் இருந்தால், இடிந்து விழுந்த கல்லை எறியாமல் எடுத்துவைத்து அதே சுவரில் திரும்ப வையுங்கள். “புதுக் கல் கொண்டாந்து தாரேன்” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போதாத இடத்தில் நன்றாக வெந்த செங்கல் போதும்.

இரண்டாம் வகை, 1974-இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி ஊர் விரிந்தபோது எழுந்த கான்கிரீட் வீடுகள். வயதில் இளையவை, உடல்நிலையில் பெரும்பாலும் மோசமானவை. சுண்ணாம்பு வீட்டை உப்பு மெதுவாகத்தான் தின்னும். கான்கிரீட்டில் அது கம்பியைத் தேடிப் போகிறது. இந்த வகையைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். அதுவரை சொல்லப்போவதெல்லாம் முதல் வகைக்கு.

எந்த வேலை யாருக்கு

நம் ஊரில் வீட்டுவேலையைத் தானே செய்வது இன்னும் கொஞ்சம் கூச்சமான சங்கதி. கொத்தனாரும் சித்தாளும் இருக்க, வீட்டுக்காரர் கரண்டி பிடித்தால் தெரு பார்க்கும். பார்க்கட்டும். உப்பு வாங்கிய சுவருக்கு வேண்டியது கைத்திறனைவிடக் காத்திருப்பு. ஒரு சுவரைச் சுரண்டிவிட்டு மூன்று வாரம் சும்மா இருக்க வேண்டும், பிறகு வந்து அரை நாள் வேலை, மறுபடி மூன்று வாரம். நாள் கூலிக்கு வருகிறவரிடம் இதை எதிர்பார்ப்பது அவர் பிழைப்பில் கைவைப்பது. “ரெண்டு மூட்டை சிமென்டு போட்டா இன்னிக்கே முடிச்சிரலாம்ணே” என்று அவர் சொல்வது ஏமாற்று அல்ல; அவருடைய கணக்கில் அதுதான் சரி. ஆகவே மெதுவான வேலைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டுவது, உப்பு இழுப்பது, சுண்ணாம்பு ஊறவைப்பது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் சீர்செய்வது எல்லாம் உங்களுடையவை. உத்திரம் மாற்றுவது, டெரஸ் ஒட்டுவது, மின்சாரம் ஆகியவை தெரிந்தவர்களுக்கு.

மின்சாரத்தில் பேரம் வேண்டாம். கட்டைமேல் வயர் ஓடும் பழைய வயரிங் இருந்தால் முழுக்கக் கழற்றி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு புதிதாகப் போடுங்கள். உப்பு ஈரம் ஏறிய சுவர் மின்சாரத்தைக் கடத்தும் சுவர். 30 மில்லி ஆம்பியர் கசிவில் அறுத்துவிடும் ஆர்சிசிபி கட்டாயம். உவர் மண்ணில் எர்த்துக் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும் என்பதால் செம்பு பூசிய கம்பியாகக் கேட்டு வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

கூரை முதலில்

மேலிருந்து கீழே என்பதுதான் வரிசை. ஒழுகும் கூரைக்குக் கீழே சுவரைச் சீர்செய்வது வீண்வேலை. வடகிழக்குப் பருவமழையில் வீட்டை ஒருமுறை சும்மா பாருங்கள். எங்கே சொட்டுகிறது, எந்த வாருகால் அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் நின்று சுவரை நனைக்கிறது என்று சாக்பீஸால் சுவரிலேயே தேதியோடு குறித்துவையுங்கள். மழை முடிந்ததும் தை மாசியில் கூரை ஏறலாம்.

மங்களூர் ஓடு மாற்றுவது வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலைதான். ஓட்டின் மேல் காலை வைக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். கயிறு கட்டிக்கொள்ளுங்கள், கீழே ஒருவர் இருக்கட்டும். உடைந்த ஓட்டுக்கு மேல் வரிசையில் இரண்டு ஓட்டைத் தூக்கிப் பிடித்தால் பழையது கழன்று வரும், புதியது நழுவி உட்காரும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு பிடிக்கும். பழைய ஓடும் புதிய ஓடும் அச்சில் சற்று மாறும் என்பதால் இடித்த வீட்டு ஓடு விற்கும் கடையில் உங்கள் ஓடு ஒன்றைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஓட்டைக் கழற்றும்போதே ரீப்பரையும் கைமரத்தையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் கரையான் வேலை, அது ஆசாரிக்குரியது. முகட்டில் சிமென்டு வைத்தால் வெயிலில் ஓடு நீண்டு சுருங்கும்போது வெடித்துவிடும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்து அந்த அசைவோடு கொஞ்சம் ஒத்துப்போகும்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் உங்கள் வேலை செடிகளைப் பிடுங்குவதும் விரிசலில் சுண்ணாம்புச் சாந்து அடைப்பதும் மட்டும். ஒழுகலை நிறுத்துகிறேன் என்று மேலே சிமென்டு கான்கிரீட்டை ஏற்றுகிற வழக்கம் இருக்கிறது. கீழே தேக்குக் கட்டைகள் அந்தப் பாரத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தவை அல்ல.

பழைய வீட்டில் பின்னால் சேர்த்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். நனைத்து, முகக்கவசத்தோடு, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

சுவரைச் சுரண்டுவது

பங்குனியில் தொடங்குங்கள். காற்று காயத் தொடங்கும் மாதம், உப்பளங்களிலும் வேலை மும்முரமாக நடக்கும் காலம்.

முதலில் இரண்டு சோதனை. ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அறையின் காற்றிலிருந்து வருகிறது. அதற்கு ஜன்னலைத் திறந்தாலே போதும். அடுத்தது, சுவரில் பூத்த பொடியை ஒரு கண்ணாடி டம்ளர் நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். கரைந்தால் உப்பு, அடியில் தங்கினால் சுண்ணாம்பும் மணலும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதையும் ஈயம் உள்ளதாகவே கருதி, நனைத்துச் சுரண்டுங்கள். மண்ணெண்ணெய் அடுப்பைக் காட்டி எரிக்காதீர்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

பெயின்ட் இல்லாத வெறும் காரையில் இது தலைகீழ். உலர்ந்த துடைப்பத்தால்தான் தட்ட வேண்டும். நனைத்தால் பூத்த உப்பெல்லாம் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். கீழே தார்ப்பாய் விரித்து, விழும் பொடியை ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். கொல்லைப்புறச் சுவரோரம் கொட்டினால் அடுத்த மழையில் அதே சுவர் குடிக்கும்.

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் காரை எல்லாம் பெயர வேண்டியது. சிமென்டுப் பூச்சு என்றால் நன்றாக ஒட்டியிருந்தாலும் கொத்திவிடுங்கள். ஓதக் கறை நிற்கும் உயரத்துக்கு மேலும் ஒன்றரை அடி வரை எடுக்க வேண்டும்; ஈரம் நின்றுவிட்ட அந்த விளிம்பில்தான் உப்பு அதிகம் சேர்ந்திருக்கும். உளியைச் சாய்வாகப் பிடியுங்கள். செங்கல் இடுக்கில் மாவான பழைய சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குத் தோண்டி எடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கம் கொத்தினால் அந்தப் பக்கம் காரை விழும். அது வழக்கு வரை போன தெருக்கள் உண்டு.

பிறகு சுவரை அம்மணமாக விடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்பது குளிர்நாட்டுக் கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. நம் வெயிலில் இன்னும் விரைவாகவே காயும், ஆனால் வாரக்கணக்கு இல்லை, மாதக்கணக்குத்தான்.

உப்பை இழுக்கும் பத்து

காய்வதோடு நிறுத்தாமல் உப்பை வெளியே இழுக்கவும் முடியும். கோயில் சுவர்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கிறவர்கள் கையாளும் முறை இது, வீட்டிலும் செய்யலாம். பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்துக் கூழாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு வெள்ளைக் களிமண், ஒரு பங்கு காகிதக் கூழ், நான்கு பங்கு நன்றாகக் கழுவிய மணல். சுவரில் எறிந்தால் ஒட்டி நிற்கும் பதம். குழைக்க மழைநீர் அல்லது வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணிக் குடிநீர். வீட்டுக் கிணற்று நீரை எடுத்தால் உப்பை எடுக்கப் போய் உப்பைக் கொடுத்துவிடுவோம்.

சுவரை லேசாக நனைத்து, அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலக் கனத்தில் இந்தப் பத்தை அப்புங்கள். சுவரின் உப்பு ஈரத்தில் கரைந்து, காயும் பக்கத்தை நோக்கி நகர்ந்து, பத்துக்குள் வந்து தங்கும். இரண்டு மூன்று வாரத்தில் பத்து வெடித்துத் தானாகக் கழன்று வரும். முழுக்கக் காயும் முன் எடுக்காதீர்கள், காய்ந்தபின் சுவரிலேயே விட்டும் வைக்காதீர்கள். எடுத்ததைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. மூன்று முறை செய்வது வழக்கம்.

எப்போது நிறுத்துவது? ஒவ்வொரு முறையும் காய்ந்த பத்தில் ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, ஒரு கரண்டி நீரைப் பழைய எவர்சில்வர் தட்டில் ஊற்றிச் சுண்டவிடுங்கள். தட்டில் தங்கும் வெள்ளைக் கறையை முதல்முறைக் கறையோடு ஒப்பிட்டால் போதும். தெரிந்த வேதியியல் ஆசிரியர் இருந்தால் அவர் ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு இருந்தால் பாலாகத் திரியும்.

சுண்ணாம்பு

முத்து, சங்கு, சிப்பி, பவளம் எல்லாம் கால்சியம் கார்பனேட். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு மட்டும் தொடர்ந்தது. சுட்ட கிளிஞ்சல் நீரைக் கண்டால் கொதிக்கும். நீர்த்த பின் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாகும். சிமென்டுபோல அது நீரால் இறுகுவதில்லை, காற்றால் இறுகுகிறது. அதனால்தான் மெல்லிய பூச்சாக, இடைவெளி விட்டுப் பூச வேண்டியிருக்கிறது.

நீர்த்த சுண்ணாம்பு விழுதாகவே கிடைத்தால் வாங்கிவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீர்க்க வைப்பதானால் இரும்பு டிரம் அல்லது தரையில் கட்டிய தொட்டி வேண்டும். பிளாஸ்டிக் வாளி உருகும். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். கண்ணில் பட்டால் வேறெதுவும் யோசிக்காமல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவரிடம் ஓடுங்கள். நீர்த்ததை வலையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். ஒரு மாதம் ஊறினால் நல்லது, மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய். பங்குனியில் சுவரைக் கொத்தும்போதே சுண்ணாம்பையும் ஊறப்போட்டால் ஆவணியில் கைக்கு வரும்.

மணலுக்கு ஆற்றையும் கடற்கரையையும் விட்டுவிட்டுப் பூச்சுக்கென விற்கும் பி-சாண்ட் வாங்குங்கள். அதில் உப்பு இருக்காது, தூசி இருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் நீருமாகக் குலுக்கி மூன்று மணிநேரம் வைத்தால் மேலே படியும் சேறு, மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இருந்தால் கழுவுங்கள்.

தரையிலிருந்து மூன்றடி வரை ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு மணல். செங்கல் தூள் சேர்ந்தால் ஈர இடத்திலும் சாந்து இறுகும். அதற்கு மேல் ஒன்றுக்கு மூன்று மணல். முதல் பூச்சு அரை அங்குலத்துக்குள்; இறுகத் தொடங்கும்போது ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். பத்து நாள் கழித்து இரண்டாவது, கால் அங்குலம். மணியாசுக் கட்டையால் தேய்த்து விடுங்கள், கண்ணாடியாக மெழுக வேண்டாம். கச்சானில் பூச்சு ஒரே நாளில் காய்ந்து மாவாகிவிடும். மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்தி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரம் காலை மாலை பூவாளியால் பனித்தூறலாகத் தெளியுங்கள்.

கருப்பட்டியும் கடுக்காயும் சேர்க்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேர்க்கலாம், கொஞ்சமாக. இனிப்பு நீர் சாந்தைக் குழைவாக்கும், ஈரத்தைச் சற்றுப் பிடித்துவைக்கும். கூடினால் இறுகவே இறுகாது, எறும்பும் வரும். உடன்குடிக் கருப்பட்டி விற்கும் விலையில் அதைக் காப்பியில் போடுவது உத்தமம் என்பது என் கட்சி.

மேலே வெள்ளையடிப்பு மட்டும். பால் பதத்தில் கரைத்து, நனைத்த சுவரில் நான்கைந்து முறை மெல்லியதாக அடியுங்கள். வெள்ளையடிக்கும் கரைசலில் ஒரு பிடி உப்புப் போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. நம் சுவருக்கு அந்த விருந்து வேண்டாம்.

இரும்பும் மரமும்

பர்மா தேக்குக் கதவு கடலைத் தாங்கும், அதில் அடித்த இரும்பு ஆணி தாங்காது. துரு ஊதி மரத்தைப் பிளக்கும். கீல், கொண்டி, திருகு எல்லாவற்றையும் ஒரே உலோகமாக மாற்றுங்கள். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகு போட்டால் உப்பு ஈரத்தில் இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். எவர்சில்வர் வாங்குவதானால் 304 ரகத்தைவிட 316 ரகம் கடற்காற்றைத் தாங்கும். கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

தோணிக்காரர்கள் பலகைக்கு மீன் எண்ணெயும் குங்கிலியமும் பூசி வந்தார்கள். அந்த வாசத்தோடு பட்டாசலில் குடியிருக்க முடியாது. வீட்டு மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். பழைய எனாமலை முழுக்க எடுத்துவிட்டு மெல்லியதாக மூன்று முறை தேய்த்து ஏற்றுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அல்லது தண்ணீரில் முக்கி எறியுங்கள்.

கான்கிரீட் வீடு

சன்ஷேடுக்கு அடியில் கம்பி ஓடும் கோட்டிலேயே பழுப்பு விரிசல் தெரிந்தால் உப்பு கம்பியை எட்டிவிட்டது. துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதுதான் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கடலோர கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 கேட்பது கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடுதளம். பழைய வீடுகளில் பெயர்ந்த துண்டை அளந்து பாருங்கள், பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது.

பாரம் தாங்காத சன்ஷேடு விளிம்பு, கைப்பிடிச் சுவர் போன்றவற்றை நீங்களே ஒட்டலாம். கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் வரை கொத்தி, பளபளக்கும்வரை கம்பியைத் தேய்த்து, துத்தநாகப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் மூடுங்கள். ஒட்டிய இடத்தின் ஓரத்தில் அடுத்த ஆண்டே புது விரிசல் வந்தால் வியப்படையாதீர்கள். துரு பிடித்த பகுதி அதுவரை பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது; அதைச் சுத்தம் செய்ததும் உப்பு பக்கத்தில் வேலையைத் தொடங்கும். இதனாலேயே தூண், பீம், தளம் மூன்றிலும் நீங்கள் கைவைக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, முட்டுக் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. சில வீடுகளில் அவர் இடிக்கத்தான் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டை மனை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தும் வாங்காதீர்கள்.

வெள்ளமும் சட்டமும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி ஓர் ஆண்டு முழுக்கப் பார்ப்பதைவிட அது அதிகம். ஆகவே சுவிட்சுப் பெட்டிகளை இடுப்புக்கு மேலேயே வையுங்கள். கீழ்த்தளத்தில் ஒட்டுப்பலகை அலமாரிகளைத் தவிருங்கள். வாருகாலின் மட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். வெள்ளம் வடிந்த வீட்டில் அவசரமாகப் பெயின்ட் அடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கும், ஆடிக்குள் உரியும்.

கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். பரப்பைக் கூட்டாமல் செய்யும் பழுதுக்கும் இடித்துக் கட்டுவதற்கும் விதியில் பெரிய வேறுபாடு உண்டு. சுவரை இடிக்கும் எண்ணம் வந்தால் முதலில் மாநகராட்சியில் எழுத்தில் கேளுங்கள்.

முதல் ஆண்டுக்குப் பிறகு

ஆவணியில் பூச்சு, புரட்டாசி நடுவுக்குள் வெள்ளையடிப்பு. அப்போதுதான் ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்பு இறுக ஒரு மாதம் கிடைக்கும். அந்த மழைக்காலத்தில் சுவர் மறுபடி கறுக்கும், தை பிறந்ததும் மறுபடி பொடி பூக்கும். பூச்சு தோற்றுவிட்டது என்று நினைத்து யாரையும் கூப்பிடாதீர்கள். உப்பு வெளிப்பக்கம் பூக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தோம். பங்குனியில் ஒருநாள் தார்ப்பாய் விரித்து உலர்ந்த துடைப்பத்தால் தட்டி, பொடியை ஒரு டப்பாவில் வாரி எடை போட்டுச் சுவரோரம் எழுதிவையுங்கள். அடுத்த பங்குனியில் எடை குறைந்திருந்தால் வெள்ளை மட்டும் போதும். கூடியிருந்தால் எங்கோ புது ஈரம் வருகிறது. அங்கணத்துக் குழாயையும் பக்கத்து வீட்டு வாருகாலையும் பாருங்கள். தரையோர மூன்றடிப் பூச்சு பத்து ஆண்டில் மாவாகலாம். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்; செங்கல்லுக்கு வர வேண்டிய சேதத்தை வாங்கிக்கொள்ளத்தான் அது அங்கே இருக்கிறது.